அறுவடைக்குப் பிறகு ஏரேட்டரைக் கெடுக்கும் தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை, இறால் வளர்ப்பவர்களுக்குக் குளத்தில் ஓடும் ஏரேட்டர் (துடுப்புகளால் தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் இயந்திரம்) மீது இருக்கிற கண், கரையேறிய ஏரேட்டர் மீது இருப்பதில்லை. இறால் லாரி ஏறியதும் கணக்கு, கூலி, அடுத்த குஞ்சு என்று வேலை ஓடிவிடும். ஏரேட்டர் கரையிலேயே கவிழ்ந்து கிடக்கும். அடுத்த பருவத்தில் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் முனகினால், உடனே பழி விற்றவர் மேல். ஓடாமல் கிடந்த மாதங்களில் உப்பு செய்த வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

காய்ந்துவிட்டதே என்று கழுவாமல் விடுவதுதான் பெரிய தவறு. கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது; அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பகலில் வெள்ளையாகப் பூத்திருக்கும் போல்ட்டை விடியற்காலையில் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுக்கும். அந்த ஈரம் போதும், துரு உள்ளே இறங்க. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஷாஃப்ட்தானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. 304 ரக எஃகிலும் உப்பு படிந்த இடத்தில் குழி விழும்.

நல்ல தண்ணீரில் கழுவுங்கள் என்று சொல்வது சுலபம். நம் பக்கம் பல இடங்களில் போர்த் தண்ணீரே உவர்ப்பு. சேறும் பாசியும் போக அதில் கழுவிக்கொள்ளலாம். கடைசி அலசலுக்காவது ஒரு டிரம் நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள். ஏரேட்டரை ஊருணிக்குள் இறக்கிக் கழுவுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். மிதவையில் ஒட்டிய கொட்டலசை (ஓடுள்ள சிறு கடல் உயிரி) ஈரம் காய்வதற்குள் மரத்துண்டால் சுரண்டிவிட வேண்டும். காயவிட்டு அரிவாளால் கொத்துகிறவர்கள் கொட்டலசோடு மிதவையையும் கொத்துகிறார்கள். சுரண்டிய பிறகு மிதவையைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டுங்கள். உள்ளே களக் களக் என்று சத்தம் கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது.

மோட்டாரை நிறுத்திய சூட்டோடு தண்ணீர் அடிப்பதும் தவறு. சூடான மோட்டார் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தால் அந்த வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆறவிட்டுக் கழுவுங்கள். பிரஷர் பம்பை ஷாஃப்ட் சீலுக்கோ வயர் இணைக்கும் பெட்டிக்கோ நேராகக் காட்டாதீர்கள்.

கியர் பாக்ஸ் விஷயத்தில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பழைய ஆயிலோடு அப்படியே வைத்துவிட்டு, குளத்தில் இறக்கும்போது புது ஆயில் ஊற்றுகிறார்கள். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் அதற்குள் பல்சக்கரத்திலும் பேரிங்கிலும் துரு ஏறியிருக்கும். வைக்கும் முன்பே வடித்துப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்து வந்தால் ஆயில் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சீலை மாற்றி, புது ஆயில் ஊற்றி, பிறகு வையுங்கள்.

அப்புறம் கொட்டகை. மழைக்குப் பயந்து மோட்டாரைப் பாலித்தீனில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்து வேர்த்து மோட்டாரின் கம்பிச் சுற்று (காயில்) கெடும். மேலே மூடுங்கள், அடியில் காற்று போகட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே பனங்கட்டை மீதோ ஹாலோ பிளாக் மீதோ ஏற்றிவிடுங்கள். மிதவைகள் வெயிலில் கிடந்தால் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றினால் கீழே இருப்பது நெளியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷாஃப்ட்டைக் கையால் நாலு சுற்று சுற்றினால் பேரிங் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடாது. கேபிளைத் தரையில் போட்டால் எலிக்கு விருந்து, உயரத்தில் தொங்கவிடுங்கள்.

அதே கொட்டகையில் பிளீச்சிங் பவுடர் மூட்டையை அடுக்குவது நம் பண்ணைகளில் சாதாரணம். அதிலிருந்து கசியும் குளோரின் காற்று செம்பையும் இரும்பையும் அரிக்கும். அதைவிட மோசம், டீசலோ ஆயிலோ கிரீஸோ பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கலாம். இதில் மட்டும் ‘இத்தனை வருஷமா ஒன்றும் ஆகலையே’ என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிளீச்சிங் பவுடருக்குத் தனி அறை வேண்டும்.

நோய் வந்த குளத்து ஏரேட்டரைக் கிருமிநீக்கம் செய்யாமலோ, நன்றாகக் காயவைக்காமலோ வேறு குளத்துக்கு மாற்ற வேண்டாம். அது தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் மறந்துபோகிறது.

மறுபடி இறக்கும் நாளில் எலக்ட்ரீசியன் ஒருவரைக் கூப்பிடுங்கள். கேபிளைக் கழற்றி 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பு சரியாக இருக்கிறதா என்று அளக்கும் கருவி) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் மோட்டாரை இணைக்கக் கூடாது, உலர்த்திவிட்டுத்தான் மறுபடி பார்க்க வேண்டும். டேப் சுற்றிய ஜாயின்ட் எதுவும் தண்ணீரில் கிடக்கக் கூடாது. எர்த் வயரும், கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் குளத்துக்கு இணைப்பே கொடுக்காதீர்கள். துடுப்பில் சிக்கிய கயிற்றை எடுக்க இறங்கும் ஆள், மெயினை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கிக் கையோடு வைத்துக்கொண்டு இறங்கட்டும்.

முதல் ஓட்டத்தில் துடுப்பு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். மூன்று பேஸில் இரண்டு மாறியிருந்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். தண்ணீர் வீசுவது பார்க்கச் சரியாகவே தெரியும், ஆனால் குளத்து நீரோட்டம் குழம்பிக் கழிவு நடுவில் சேராமல் கண்ட இடத்தில் தங்கும். மெயினை அணைத்துவிட்டு இரண்டு வயரை மாற்றி மாட்டினால் சரியாகிவிடும்.