வால்வு ஆம்ப், டிரான்சிஸ்டர் ஆம்ப்: ஒப்பிடும் முன் சத்தத்தைச் சமமாக்குங்கள்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டில் இப்போது இரண்டு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). ஒன்று பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் உதிரிப்பாகம் வாங்கி நானே கட்டிய, ஈ.எல்.84 என்ற கண்ணாடிக் குழாய் வால்வில் ஓடும் ஆம்ப், சேனலுக்கு ஏறக்குறைய 5 வாட். மற்றது 40 வாட் டிரான்சிஸ்டர். இரண்டையும் வீட்டிலேயே ஒப்பிட்டுக் கேட்க விரும்புகிறவர்களுக்கு இது. ஒயர் மாட்டுவதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

1. வால்வு ஆம்பை 20 நிமிடம் சூடாக விடுங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். மூடியையும் கழற்றாதீர்கள். உள்ளே 300 வோல்ட் அளவுக்கு டி.சி. இருக்கும்; அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் நிற்கும்.

2. நான் ஒரு வாரம் ஏமாந்தது இங்கேதான். வால்வில் குரல் அப்படியே முன்னால் வந்து நிற்கிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். அளந்து பார்த்தால் அது கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு டெசிபல் (சத்தத்தின் அலகு) கூடினால் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும்.

அதனால் போன் செயலியில் 300 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் அளந்து பாருங்கள். முதல் ஆம்பில் 2 வோல்ட் வரும்படி வையுங்கள். அடுத்ததிலும் அதே 2 வோல்ட். வித்தியாசம் 0.02 வோல்ட்டுக்குள் இருந்தால் 0.1 டெசிபலுக்குள் வந்துவிட்டீர்கள். வால்யூம் திருகுகளின் இடத்தை டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.

3. இரண்டு ஆம்பையும் அணைத்துவிட்டுத்தான் ஸ்பீக்கரை மாற்ற வேண்டும். இரண்டின் அவுட்புட்டும் ஒருபோதும் ஒன்றாகச் சேரக் கூடாது. ஒயர் முனைக்குப் பனானா பிளக் (இழை பிரியாமல் செருகும் பிளக்) போடுங்கள், காசு பார்க்காதீர்கள். வெறும் ஒயரில் ஒரு இழை பிரிந்து அடுத்த முனையைத் தொட்டால் டிரான்சிஸ்டர் போய்விடும்.

4. எது ஓடுகிறது என்று சொல்லாமல் வீட்டில் ஒருவரை மாற்றச் சொல்லுங்கள். வால்வின் வெளிச்சம் தெரியாமல் துணி மறைப்பு வேண்டும், ஆனால் ஆம்பின் மேல் படக் கூடாது, அவ்வளவு சூடு.

நான் வைத்துக் கேட்டது பாரதக் கூத்தில் (மகாபாரதக் கதை சொல்லும் தெருக்கூத்து) பதிவு செய்த முகவீணையும் (சிறிய நாகசுரம் போன்ற ஊதுகருவி) மத்தளமும். முகவீணையில் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மத்தளத்தின் இடந்தலையில் (இடது பக்கத் தோலில்) பிடிபட்டது: வால்வில் கனமாக, கொஞ்சம் நீண்டு ஒலித்தது. காரணம் இருக்கிறது. ஸ்பீக்கரின் மின்தடை அடிக்குரல் பகுதியில் பல மடங்கு ஏறும். என் வால்வு ஆம்பில் பின்னூட்டச் சுற்று (அவுட்புட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிப் பிழையைத் திருத்துவது) இல்லை, அதன் உள்தடை, அதாவது ஆம்பின் அவுட்புட்டிலேயே இருக்கும் தடை, சில ஓம். அதனால் அந்த இடத்தில் வோல்டேஜும் ஏறிவிடுகிறது. டிரான்சிஸ்டரின் உள்தடை மிகக் குறைவு, ஸ்பீக்கரை இறுக்கிப் பிடிக்கும். மத்தளத்துக்கு எனக்கு டிரான்சிஸ்டர்தான். இரவில் மெல்லக் கேட்கும் குரலுக்கு அந்தக் கனம் பிடித்திருக்கிறது, வால்வை எடுக்கிறேன்.

சேர்த்தது: மலிவு மீட்டர் போதுமா என்று ஒரு வாசகர் கேட்டார். போதும். ஒரே மீட்டர், ஒரே ஒலி என்றால் பிழையும் இரண்டிலும் ஒன்றுதான்.

மறுபடி சேர்த்தது: பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒருவர், மதியம் வைத்த அளவு இரவில் நகர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தார். கரண்ட் ஏறி இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசர் வைத்து, கேட்க உட்காரும் முன் இன்னொரு முறை அளந்துகொள்ளுங்கள்.