கிற்றார் பிக்கப்: முதலில் உயரம், பிறகு மாற்றம்

எலக்ட்ரிக் கிற்றாரின் சத்தம் மந்தமாக இருக்கிறதென்று புதுப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் காந்தச் சுருள்) தேடுவதற்கு முன்னால், ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் மில்லிமீற்றர் அடிமட்டத்தையும் எடுங்கள். பல குறைகள் உயரத்தைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடும்.

தடித்த ஆறாம் கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்திப் பிடித்தபடி, கம்பியின் அடிப்புறத்துக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். சிங்கிள் கொயிலுக்கு (ஒரே சுருள் கொண்ட பிக்கப்) தடித்த கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ. ஹம்பக்கருக்கு (இரண்டு சுருள் கொண்டது) 1.6 மி.மீ. அளவில் தொடங்குங்கள். கழுத்துப் பக்கத்தில் கம்பி அகலமாக அதிர்வதால் அங்குள்ள பிக்கப் எப்போதும் முந்திக்கொண்டு கேட்கும், அதை 2.4 வரை இறக்கலாம். பிறகு காதால் கேட்டுக் கேட்டு, பிக்கப்பின் இரு ஓரத்திலும் உள்ள உயர ஆணிகளைக் கால் சுற்றாகத் திருப்புங்கள்.

சத்தம் கூடட்டும் என்று சிங்கிள் கொயிலை மேலே ஏற்றிவிட்டால் காந்தம் கம்பியை இழுக்கும். 12ஆம் ஃபிரெட்டுக்கு மேலே தடித்த கம்பியில் ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து அலையும், ட்யூனரின் முள் ஓரிடத்தில் நிற்காது. இதைப் பிரிட்ஜின் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) கோளாறு என்று நினைத்து, அதில் கம்பி அமரும் சாடிலைத் திருகிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. பிக்கப்பைக் கீழே இறக்கினால் போதும்.

கல்லடி, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற கரையோர ஊர்களில் இந்த ஆணிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். ஒரு துளி எண்ணெயைக் குச்சி நுனியால் தொட்டு வைத்து ஒரு மணித்தியாலம் விடுங்கள். எண்ணெய் கொயிலில் படக்கூடாது. தலைக்குப் பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் ஆணியின் தலை வழுக்கிப்போகும்.

அதற்குப் பிறகும் சத்தம் வராவிட்டால், கிற்றாரைத் திறக்காமலே சோதிக்கலாம். கேபிளைச் செருகி வொலியூமையும் டோனையும் முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள். சிங்கிள் கொயில் என்றால் 5.5 முதல் 7 கிலோ ஓம், பழைய பாணி ஹம்பக்கர் என்றால் 7.5 முதல் 9 வரை காட்டும். பொட்டும் (வொலியூம், டோன் குமிழ்களின் கீழுள்ள மின்தடைப் பாகம்) சேர்ந்தே அளக்கப்படுவதால் 6 கிலோ ஓம் பிக்கப் 5.9 என்று வரும். பொட்டின் 250 அல்லது 500 கிலோ ஓம் அளவு மட்டும் காட்டினால் கொயிலோ அதன் இணைப்போ அறுந்திருக்கிறது. அளவே காட்டாவிட்டால் கேபிளிலோ ஜாக்குக்குப் போகும் வயரிலோ இணைப்பு விட்டிருக்கிறது. பூச்சியத்தை ஒட்டி நின்றால் எங்கோ ஷோர்ட்.

புது பிக்கப் வாங்கும்போது பொட்டையும் கவனியுங்கள். சிங்கிள் கொயிலுக்கு 250கே (கிலோ ஓம்), ஹம்பக்கருக்கு 500கே. ஹம்பக்கரை 250கே பொட்டில் கொடுத்தால் மேல்சுரங்கள் மங்கிவிடும். பிரிட்ஜ் ஹம்பக்கர் என்றால் இரண்டு ஓரக் கம்பிகளுக்கும் இடையே 50 மி.மீ.யா 53 மி.மீ.யா என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

கம்பிகளைக் கழற்றி, மரத்தைத் துணியால் மூடி, பழைய இணைப்புகளைப் போனில் படம் எடுத்த பிறகே ஈயத்தை உருக்குங்கள். வயரின் நிறத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். செய்மோர் டங்கன் நிறுவனத்தின் ஹம்பக்கரில் கறுப்பு வயர் வொலியூமுக்கு; சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாக முறுக்கி ஒட்டி, டேப் சுற்ற வேண்டும். டிமார்சியோ நிறுவனத்தின் ஹம்பக்கரில் சிவப்பு வொலியூமுக்கு. கறுப்பும் வெள்ளையும் ஒன்றாக. இரண்டிலும் பச்சையும் உறையில்லாத வயரும் கிரவுண்டுக்கு (பொட்டின் முதுகில் ஒட்டும் பொது இணைப்பு). ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை ஒட்டாதீர்கள்.

40 வாட் சோல்டரிங் அயனும் 0.8 மி.மீ. தடிப்பில் உள்ளே றொசின் (ஒட்ட உதவும் பிசின்) கொண்ட 60/40 ஈயமும் போதும். தகரம் ஒட்டப் பாவிக்கும் அமிலம் வேண்டாம், அது வயரை நாட்பட அரித்துவிடும். பொட்டின் முதுகை சாண்ட்பேப்பரால் பளிச்சென்று தேய்த்து, அயனின் நுனியை மூன்று நான்கு விநாடி வைத்துச் சூடேற்றி, பிறகு ஈயத்தைக் கொடுங்கள். நல்ல ஒட்டு விளிம்பில் மெலிந்து படர்ந்து மினுங்கும். சூடு போதாவிட்டால் ஈயம் சேம்பிலைத் தண்ணீராய் உருண்டு நிற்கும், நிறமும் சாம்பலாகும். அப்படி ஒட்டியது இன்றைக்குப் பாடும், நாளைக்கு நின்றுவிடும். பத்து விநாடிக்கு மேல் சூடு காட்டினால் பொட்டின் உட்புறம் கெடலாம். அதற்குள் ஒட்டாவிட்டால் ஆறவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

கம்பி மாட்டுவதற்கு முன் அம்பை (அம்ப்ளிஃபயரை) குறைந்த சத்தத்தில் வைத்து, சுவிட்சை மாற்றி மாற்றி ஒவ்வொரு பிக்கப்பையும் ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் தட்டுங்கள். ‘டக்’ என்று கேட்க வேண்டும். பிரிட்ஜைத் தொடும்போது இரைச்சல் குறைந்தால் கிரவுண்ட் சரி. தொட்டால் கூடுகிறதென்றால் ஜாக்கின் இரு வயர்களும் இடம் மாறியிருக்கலாம். எந்த மாற்றமும் இல்லையென்றால் பிரிட்ஜுக்குப் போகும் வயர் விட்டிருக்கிறது.

தனித்தனியே நன்றாகப் பாடும் இரண்டு பிக்கப்புகள் சேரும்போது ஒல்லியாய், வெறுமையாய்க் கேட்டால் பேஸ் (phase) மாறியிருக்கிறது, அதாவது இரண்டின் அலைகளும் எதிரெதிராகி ஒன்றையொன்று தணிக்கின்றன. புதியதன் இரு வயர்களையும் இடம் மாற்றுங்கள். ஆனால் உலோக மூடி அதே கிரவுண்ட் வயரோடு இணைந்திருந்தால் முதலில் மூடியைப் பிரித்துத் தனி கிரவுண்ட் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கை பட்டாலே இரையும்.

கிரவுண்ட் வயர் வழியே கம்பிகள் அம்பின் உடலோடு இணைந்திருக்கின்றன. திருவிழா மேடையிலும் கரோல் மேடையிலும் ஜெனரேட்டரில் இரண்டு முள் பிளக்கைச் செருகினால் எர்த் அறுந்துபோகும். கை கம்பியில் இருக்க உதடு மைக்கைத் தொட்டால் 230 வோல்ட் உடம்பில் பாயலாம். பிரிட்ஜ் வயரை வெட்டுவது இதற்குப் பரிகாரமல்ல, எர்த் உள்ள மூன்று முள் இணைப்பைக் கேட்டு வாங்குங்கள்.

கம்பி மாட்டிச் சுருதி சேர்த்த பிறகு அடிமட்டத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். புது பிக்கப்பின் காந்தம் பழையதைப்போல் இருக்காது, அதன் உயரத்தை முதலிலிருந்து பாருங்கள்.