அலுவலகக் கணினிகளின் பிரவுசர் அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பது எப்படி?

40 கணினிகள் உள்ள அலுவலகத்தில் பிரவுசரும் 40 விதமாக இருக்கும். ஒன்றில் முகப்புப் பக்கம் மாறியிருக்கும். இன்னொன்றில் யாரோ நிறுவிய எக்ஸ்டென்ஷன், திறக்கும் பக்கத்தையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும். பலர் பயன்படுத்தும் கணினியில் ஒருவருடைய கடவுச்சொல் சேமிக்கப்பட்டிருக்கும். மேசை மேசையாகப் போய் இதையெல்லாம் சரிசெய்ய முடியாது, செய்தாலும் நிலைக்காது. இதற்காகவே பிரவுசர்களில் பாலிசி என்ற ஏற்பாடு, அதாவது நிர்வாகி விதிக்கும் அமைப்புகள், இருக்கிறது.

விண்டோஸ் டொமைன் (கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) உள்ள அலுவலகத்தில் குரோமை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே தமிழில் இருக்கின்றன, கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில், உள்ளே நடப்பது என்ன?

குரோம் தொடங்கும்போது, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பார்க்கும்: சாஃப்ட்வேர், அதற்குள் பாலிசீஸ், அதற்குள் கூகுள், அதற்குள் குரோம். பயனர் செட்டிங்ஸில் எதை வைத்திருந்தாலும், அங்கே எழுதியிருப்பதுதான் செல்லும். சாதாரணப் பயனருக்கு அந்த இடத்தில் எழுத அனுமதி கிடையாது. டொமைன் கணினிகளின் அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து வைக்கும் விண்டோஸ் வசதியான குரூப் பாலிசி செய்வதெல்லாம், அந்த மதிப்புகளை டொமைனில் உள்ள கணினிகளில் எழுதிவைப்பதுதான். இவ்வளவு தெரிந்திருந்தால், பின்னால் ஏதாவது வேலை செய்யாதபோது எங்கே தேடுவது என்று தெரியும்.

படி 1: டெம்ப்ளேட் கோப்புகள்

குரோமின் பாலிசிகளை விண்டோஸ் தானாக அறியாது. கூகுள் தளத்தில் கிடைக்கும் பாலிசி டெம்ப்ளேட் தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் பாலிசிகளின் பட்டியலைக் கொண்ட குரோம்.ஏடிஎம்எக்ஸ், கூகுள்.ஏடிஎம்எக்ஸ் என்ற இரண்டும் தேவை. கூடவே, அவற்றின் பெயர்களையும் விளக்கங்களையும் கொண்ட, மொழி ஃபோல்டரில் உள்ள ஏடிஎம்எல் கோப்புகளும் வேண்டும்.

இவற்றை டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் சிஸ்வால் என்ற பகிர்வு ஃபோல்டரில், பாலிசீஸ் ஃபோல்டருக்குள் பாலிசிடெஃபினிஷன்ஸ் என்ற ஃபோல்டரில் வைக்க வேண்டும். இதற்குப் பெயர் சென்ட்ரல் ஸ்டோர். இங்கே ஒரு கவனம் தேவை. அந்த ஃபோல்டர் உருவான நொடியிலிருந்து குரூப் பாலிசி எடிட்டர் அதை மட்டுமே படிக்கும், சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் அதே பெயருள்ள ஃபோல்டரைக் கண்டுகொள்ளாது. ஆகவே முதல்முறை உருவாக்கும்போது சி டிரைவில் உள்ளதை முழுவதுமாக நகலெடுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் குரோம் கோப்புகளைச் சேருங்கள். இல்லையென்றால் விண்டோஸின் மற்ற டெம்ப்ளேட்டுகள் எடிட்டரிலிருந்து காணாமல் போனதுபோல் தெரியும்.

படி 2: சோதனைக்கு ஒரு தனி இடம்

டொமைனின் கணினிகளும் கணக்குகளும் பதிவாகியிருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் புதிதாக ஓர் ஓ.யு. (அவற்றைத் தொகுத்து வைக்கும் பிரிவு) உருவாக்கி, ஓரிரு கணினிகளை மட்டும் அதற்குள் நகர்த்துங்கள். குரூப் பாலிசியை நிர்வகிக்கும் ஜிபிஎம்சி.எம்எஸ்சி கருவியைத் திறந்து, புதிய ஜிபிஓ (பாலிசி அமைப்புகளின் தொகுப்பு) ஒன்றை உருவாக்கி அந்த ஓ.யு.வில் லிங்க் செய்யுங்கள். 'கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன்' பகுதியில் வைக்கும் பாலிசிக்கு, அந்த ஓ.யு.வில் கணினிகள் இருக்க வேண்டும். பயனர் கணக்குகள் மட்டும் உள்ள ஓ.யு.வில் லிங்க் செய்தால் எதுவும் நடக்காது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் திணறும் இடம் இதுதான்.

படி 3: எதைப் பூட்டுவது, எதை விட்டுவைப்பது

அந்த ஜிபிஓவை எடிட்டரில் திறந்து, அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸுக்குள் கூகுள் என்ற பிரிவைத் திறந்தால் இரண்டு ஃபோல்டர்கள் தெரியும். 'கூகுள் குரோம்' என்பதில் வைப்பது கட்டாயம், பயனரால் மாற்ற முடியாது. பெயரில் 'டீஃபால்ட் செட்டிங்ஸ்' என்று வரும் மற்றொன்றில் வைப்பது பரிந்துரை மட்டுமே, பயனர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான பாலிசிகள் இருக்கின்றன என்பதற்காக எல்லாவற்றையும் தொடாதீர்கள். பாதுகாப்பைத் தொடுவதை மட்டும் பூட்டுங்கள். முகப்புப் பக்கம் போன்ற வசதிகளைப் பரிந்துரையாக விடுங்கள். நாள் முழுவதும் அந்தப் பிரவுசரில் வேலை செய்பவர்கள் பயனர்கள்தான்.

ஒவ்வொரு பாலிசிக்கும் மூன்று நிலைகள் உண்டு. 'எனேபிள்டு', 'டிசேபிள்டு' இரண்டுமே ஒரு மதிப்பை எழுதும். 'நாட் கான்ஃபிகர்டு' எதையும் எழுதாது. ஒரு பாலிசியைத் திரும்பப் பெற வேண்டுமானால் 'நாட் கான்ஃபிகர்டு' வையுங்கள். 'டிசேபிள்டு' என்றால் அந்த வசதியை அணைத்துப் பூட்டிவிட்டதாகவே பெரும்பாலும் அர்த்தமாகும்.

என்னைக் கேட்டால், முதலில் எக்ஸ்டென்ஷன்களைக் கையில் எடுக்க வேண்டும். எல்லா இணையதளங்களையும் படிக்கும் அனுமதி பெற்ற எக்ஸ்டென்ஷனுக்கு மின்னஞ்சலும் தெரியும், கணக்குப் பக்கமும் தெரியும். 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் பிளாக்லிஸ்ட்' பாலிசியில் ஒரே ஒரு நட்சத்திரக் குறி போட்டால் எல்லாம் தடையாகும். பிறகு 'அலவ்லிஸ்ட்' பாலிசியில் தேவையானவற்றின் அடையாளக் குறியீட்டை மட்டும் சேருங்கள். குரோம் வெப் ஸ்டோரில் அந்த எக்ஸ்டென்ஷனின் முகவரியின் கடைசியில் வரும் 32 எழுத்துகள்தான் அந்தக் குறியீடு. எல்லோருக்கும் கட்டாயம் வேண்டியதை 'ஃபோர்ஸ்லிஸ்ட்' பாலிசியில் போட்டால் தானாக நிறுவப்படும், பயனரால் நீக்க முடியாது.

தடை போடும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஏற்கெனவே நிறுவியிருக்கும் எக்ஸ்டென்ஷனும் தடைப்பட்டியலுக்குள் வந்ததும் முடங்கிவிடும். பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் எழுத்தைப் பெரிதாக்க ஒன்றை நம்பியிருக்கலாம். அதனால் யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பட்டியல் எடுத்துவிடுங்கள்.

கடவுச்சொல் சேமிப்பை அணைக்கும் பாலிசியும் உண்டு. அலுவலகம் வேறு கடவுச்சொல் மேலாளர் கொடுத்திருந்தால் மட்டும் அணையுங்கள். மாற்று இல்லாமல் அணைத்தால் கடவுச்சொற்கள் எக்செல் கோப்புக்குப் போய்விடும், அது இன்னும் மோசம்.

இணையதளங்களைத் தடுக்க 'யூஆர்எல் பிளாக்லிஸ்ட்' இருக்கிறது. அதில் 1000 பதிவுகள்தான் செல்லும், குரோமுக்கு மட்டும்தான் பொருந்தும். சில தளங்களைத் தடுக்க இது போதும். பெரிய வடிகட்டலுக்கு ஃபயர்வால் பக்கம் போங்கள்.

படி 4: சேர்ந்ததா என்று பார்ப்பது

குரூப் பாலிசி சாதாரணமாக 90 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், அதோடு 30 நிமிடம் வரை, முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரு தாமதமும் சேரும். காத்திருக்க வேண்டாம். சோதனைக் கணினியில் கட்டளைச் சாளரம் திறந்து ஜிபிஅப்டேட் /ஃபோர்ஸ் கொடுங்கள். பிறகு குரோம் முகவரிப் பட்டையில் 'குரோம்://பாலிசி' என்று அடியுங்கள். வந்துசேர்ந்த பாலிசிகளின் பெயர், மதிப்பு, எங்கிருந்து வந்தது, கட்டாயமா பரிந்துரையா, நிலை சரியா என்பதெல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். 'ரீலோட் பாலிசீஸ்' பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சில பாலிசிகளுக்குக் குரோமை மூடித் திறக்க வேண்டும்.

பாலிசி அங்கே வரவில்லை என்றால், ரெஜிஸ்ட்ரியில் மதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் கோளாறு குரோமில் இல்லை, குரூப் பாலிசியில் இருக்கிறது. அட்மின் உரிமையோடு ஜிபிரிசல்ட் /ஆர் கட்டளை ஓட்டினால் எந்த ஜிபிஓ சேர்ந்தது, எது ஏன் விடுபட்டது என்று அறிக்கை தரும். ரெஜிஸ்ட்ரியில் இருந்தும் குரோம் ஏற்கவில்லை என்றால் இன்னொரு காரணம் உண்டு: முகப்புப் பக்கம் போன்ற சில பாலிசிகளை, டொமைன் போன்ற நிர்வாக ஏற்பாடு எதிலும் சேராத விண்டோஸ் கணினியில் குரோம் மதிக்காது. வீட்டுக் கணினியில் சோதித்துப் பார்ப்பவர்கள் குழம்புவது இதனால்தான்.

சோதனைக் கணினிகளில் சில நாள் தொந்தரவில்லாமல் ஓடினால், ஒரு துறையின் ஓ.யு.வில் லிங்க் செய்யுங்கள். அப்புறம் அடுத்த துறை. குரோம் மெனுவில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற வரியைப் பார்த்துச் சிலர் பயப்படுவார்கள். எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், லினக்ஸ்

எட்ஜுக்கும் இதே வழிதான். மைக்ரோசாஃப்ட் தரும் எம்எஸ்எட்ஜ்.ஏடிஎம்எக்ஸ் கோப்பைச் சேர்க்க வேண்டும், சரிபார்க்கும் பக்கம் 'எட்ஜ்://பாலிசி'. பல பாலிசிகளின் பெயர்கள்கூட ஒன்றே. ஃபயர்ஃபாக்ஸ் 2018இல் வந்த 60ஆம் பதிப்பிலிருந்து குரூப் பாலிசியை ஏற்கிறது. அதில் 'அபௌட்:பாலிசீஸ்' பக்கத்தைப் பாருங்கள்.

லினக்ஸில் ரெஜிஸ்ட்ரி கிடையாது. குரோமுக்கு இடிசி ஃபோல்டருக்குள் ஆப்ட், குரோம், பாலிசீஸ் என்ற வரிசையில் போய், கட்டாயமானவற்றை 'மேனேஜ்டு' ஃபோல்டரிலும் பரிந்துரைகளை 'ரெக்கமெண்டட்' ஃபோல்டரிலும் ஜேசன் கோப்பாக வைக்க வேண்டும். அந்த ஃபோல்டர்களில் ரூட்டுக்கு (லினக்ஸின் முழு அதிகாரமுள்ள கணக்குக்கு) மட்டுமே எழுதும் அனுமதி இருக்கட்டும். கையால் எழுதும் கோப்பு என்பதால் பாலிசி பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் வேலை செய்யாது. பாலிசி பக்கத்தில் 'அன்னோன் பாலிசி' என்று காட்டினால் முதலில் எழுத்துக்கூட்டைச் சரிபாருங்கள்.