மொபைலில் வரைபடம் திணறுகிறதா? லைப்ரரியைத் திட்டும் முன்...

இணையதளத்தில் வைத்த வரைபடம் மொபைலில் திக்கித் திணறினால் பழி முதலில் விழுவது லைப்ரரி (வரைபடம் காட்டும் ஆயத்த நிரல் தொகுப்பு) மேல்தான். லீஃப்லெட் என்ற லைப்ரரியைத் தூக்கிவிட்டு மேப்லிப்ரேவுக்குப் போகலாமா, ஓப்பன்லேயர்ஸ் சரிவருமா என்று பேச்சு தொடங்கிவிடும். லீஃப்லெட் 2011-இல் வெளிவந்தபோதே மொபைலை மனதில் வைத்து எழுதப்பட்டது. சுருக்கினால் ஏறக்குறைய 42 கேபிதான். பெரும்பாலும் கோளாறு இருப்பது நாம் அதற்குள் கொட்டும் தரவிலும், அதைச் சுற்றிக் கட்டும் பக்கத்திலும். லைப்ரரியை மாற்றினால் அந்தக் கோளாறும் கூடவே குடிபெயர்ந்து வரும்.

விரல் மாட்டிக்கொள்ளும் இடம்

வேகத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஸ்க்ரோல். கட்டுரைக்கு நடுவே திரையின் முழு அகலத்துக்கும் ஒரு வரைபடம். படிப்பவர் கீழே போகத் தள்ளுகிறார். கட்டைவிரல் வரைபடத்தின் மேல் படுகிறது. பக்கம் நகரவில்லை, வரைபடம்தான் எங்கோ கடலுக்குள் போய்விடுகிறது. வெளியே வர ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம்கூட இல்லை. "தளம் ஹேங் ஆகிறது" என்று வரும் புகார்களில் சில உண்மையில் இதுதான்.

ஒரு விரலால் தள்ளினால் பக்கம், இரு விரலால் தள்ளினால் வரைபடம் என்று பிரித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. கூகுள் மேப்ஸில் ஜெஸ்ச்சர் ஹேண்ட்லிங் என்ற அமைப்பை ‘கோஆப்பரேட்டிவ்’ என்று வைக்கலாம். மேப்லிப்ரேவில் கோஆப்பரேட்டிவ் ஜெஸ்ச்சர்ஸ் உள்ளேயே இருக்கிறது. லீஃப்லெட்டுக்குத் தனிச் செருகுநிரல் வேண்டும். ஆனால் திரை முழுக்க வரைபடமே என்றால் இதைப் போடாதீர்கள். அங்கே ஸ்க்ரோல் செய்யப் பக்கமே இல்லை. "இரு விரல்களைப் பயன்படுத்தவும்" என்று அறிவிப்பு வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

என்னைக் கேட்டால், கட்டுரைக்குள் வரும் வரைபடத்துக்கு இதைவிட நல்ல வழி உண்டு. முதலில் ஒரு சாதாரணப் படத்தைக் காட்டி, தொட்டால் மட்டும் முழுத்திரையில் உண்மையான வரைபடத்தைத் திறப்பது. ஸ்க்ரோல் சண்டை இல்லை. தொடாதவர்களுக்குப் பதிவிறக்கச் சுமையும் இல்லை.

இந்தச் சண்டையைத் தவிர்க்கப் பக்கத்தின் பெரிதாக்கும் வசதியையே முடக்குகிறவர்களும் உண்டு. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது அநியாயம். ஐஓஎஸ் 10 முதல் ஐபோனின் சஃபாரி பிரவுசர் அந்த முடக்கும் கட்டளையைக் கண்டுகொள்வதும் இல்லை.

உயரத்திலும் ஒரு பொறி உண்டு. சிஎஸ்எஸ்ஸில் உயரத்தை 100விஎச் (திரை உயரம் முழுவதும்) என்று வைத்தால், முகவரிப் பட்டை தெரியும் நேரத்தில் வரைபடத்தின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விடும். முகவரிப் பட்டைக்கு ஏற்ப மாறும் 100டிவிஎச் பயன்படுத்துங்கள், குரோம் 108, சஃபாரி 15.4 முதல் அது வேலை செய்கிறது. மறைந்திருக்கும் டேபுக்குள் வரைபடத்தை உருவாக்கினால் பாதி டைல்கள் (வரைபடத்தின் சதுரத் துண்டுகள்) சாம்பலாகவே நிற்கும். டேபைத் திறந்ததும் லீஃப்லெட்டில் இன்வேலிடேட்-சைஸ், மேப்லிப்ரேவில் ரீசைஸ் என்ற செயல்பாட்டை அழைத்தால் சரியாகிவிடும்.

தரவின் பாரம்

உண்மையான திணறல் இங்கேதான் பிறக்கிறது. எல்லைக்கோடுகளை ஜியோஜேசன் என்ற உரைக் கோப்பாக இறக்கி, ஆயத்தொலைவுகளைத் தசமப் புள்ளிக்குப் பின் பதினைந்து இலக்கங்களோடு அப்படியே ஏற்றுகிறோம். ஆறு இலக்கமே ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் துல்லியம் தரும். ஒரு நாடு முழுவதையும் காட்டும் வரைபடத்துக்கு அதுகூட மிகை. மேப்ஷேப்பர் என்ற கருவியில் கோடுகளை எளிமையாக்கி, இலக்கங்களை வெட்டினால் கோப்பு பல மடங்கு இளைக்கும்.

"ஜிஜிப் செய்து சுருக்கித்தானே அனுப்புகிறோம்" என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். ஜிஜிப் மிச்சப்படுத்துவது பயணத்தை மட்டும். போனுக்குள் போனதும் கோப்பு முழு அளவுக்கு விரிந்து, ஒவ்வொரு எண்ணாகப் படிக்கப்பட்டு, நினைவகத்தில் உட்கார வேண்டும். அந்த வேலை, தொடுதலுக்கும் பதில் சொல்லும் மெயின் திரெட்டில் நடந்தால், முடியும்வரை விரல் அசைவுக்குப் பதிலே வராது. தரவு உண்மையிலேயே பெரியது என்றால் டிப்பிகனூ போன்ற கருவியால் வெக்டர் டைல்களாக வெட்டிவிடுங்கள். திரையில் தெரியும் துண்டு மட்டும் இறங்கும்.

மார்க்கர்களும் (இடத்தைக் குறிக்கும் ஊசிகள்) அப்படியே. லீஃப்லெட்டில் ஒவ்வொரு மார்க்கரும் பக்கத்தில் ஒரு தனி எச்டிஎம்எல் உறுப்பு. ஜூம் செய்யும்போது அத்தனையும் இடம் மாற வேண்டும். சில ஆயிரம் ஆனால் சாதாரண போன் மூச்சு வாங்கும். புள்ளிகளை எல்லாம் ஒரே படமாகக் கேன்வாஸில் வரையுங்கள், அல்லது அருகருகே உள்ளவற்றைக் கிளஸ்டராகத் திரட்டுங்கள். மேப்லிப்ரேவுக்கு மாறியும் வேகம் வரவில்லை என்பவர்கள், அங்கும் மார்க்கர் என்ற வகுப்பையே ஆயிரக்கணக்கில் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும். அவையும் தனி உறுப்புகளே. தரவை லேயராகக் கொடுத்தால்தான் கிராஃபிக்ஸ் சிப்பான ஜிபியு வரையும்.

நகர்வு நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் சர்வரிடம் தரவு கேட்பதும் வேண்டாம். நகர்வு முடிந்த பிறகு ஒருமுறை கேளுங்கள். பாதியில் நிற்கும் பழைய கோரிக்கையை ரத்து செய்துவிடுங்கள்.

இனி பிக்சல். ஒரு புள்ளிக்கு அகலத்திலும் உயரத்திலும் மும்மூன்று பிக்சல் என்ற விகிதம் உள்ள திரையில், அதே பரப்பை வரைய ஒன்பது மடங்கு பிக்சல் வேண்டும். மேப்லிப்ரேவில் அந்த விகிதத்தை 2-க்கு மேல் போகாமல் கட்டிப்போடலாம். வித்தியாசம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. வரைபடத்தின் மேல் மங்கலான கண்ணாடி போல மிதக்கும் பலகை அழகுதான். ஆனால் கீழே வரைபடம் நகரும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அந்த மங்கலைப் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கிறது. பக்கத்தை மீண்டும் ஏற்றாமலே திரை மாறும் ஒரே பக்கச் செயலிகளில் வேறு திரைக்குப் போகும்போது பழைய வரைபடத்தை ரிமூவ் செய்யாவிட்டால் வெப்ஜிஎல் சூழல்கள் (ஜிபியு வழியே வரைய ஒதுக்கப்படும் இடங்கள்) சேர்ந்துகொண்டே போகும். பிரவுசரின் வரம்பைத் தாண்டியதும் பழையது வெறுமையாகிவிடும்.

தொடுவதும் கேட்பதும்

மவுஸை மேலே கொண்டுபோனால் தகவல் என்ற வடிவமைப்பு விரலுக்கு உதவாது. தொடும் இலக்குக்கு அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2 சொல்லும் குறைந்தபட்சம் 24 பிக்சல். ஆப்பிள் பரிந்துரைப்பது 44 புள்ளி. அதற்காக ஐகானை ஊதிப் பெரிதாக்க வேண்டியதில்லை, தொடுபரப்பை மட்டும் கூட்டினால் போதும். லீஃப்லெட் கேன்வாஸில் இதற்கென்றே டாலரன்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. தகவலைப் பாப்-அப்பில் காட்டினால் சின்னத் திரையில் வரைபடமே மறைந்துவிடும், கீழிருந்து எழும் பலகையே மேலானது. பலகையின் உயரத்தைப் பேடிங்காக (ஓர இடைவெளியாக) கொடுக்க மறந்தால், தேர்ந்தெடுத்த இடம் அதற்கு அடியிலேயே ஒளிந்திருக்கும்.

பக்கம் திறந்த உடனே இருப்பிட அனுமதி கேட்காதீர்கள். ஏன் என்று புரியாமல் மறுத்துவிடுவார்கள். மறுப்பைப் பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தும்போது கேளுங்கள். தொடர்ந்து இருப்பிடத்தைக் கவனிப்பதாக இருந்தால், தேவை முடிந்ததும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பேட்டரி காலி.

அப்புறம் சோதனை. குரோமின் மொபைல் பார்வை திரை அளவு, தொடுதல் போன்றவற்றைத்தான் நடிக்கிறது. சிபியுவைச் செயற்கையாக மெதுவாக்கலாம். ஜிபியு உங்கள் மடிக்கணினியுடையதுதான். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றை யுஎஸ்பியில் இணைத்து, கணினியிலிருந்தே போனின் பிரவுசரை ஆராயும் ரிமோட் டீபக்கிங்கில் பெர்ஃபாமன்ஸ் பதிவைப் பாருங்கள். அதுவும் சில நொடிகள் போதாது. போன் சூடானதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், பத்து நிமிடம் ஜூம் செய்து, நகர்த்தி, திரை மாறித் திரும்பி வந்தபின் எடுக்கும் பதிவைத்தான் நம்பலாம்.