படகின் பின்பலகை உளுத்துப்போனால்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊத்தான் மெலிந்தாங்கில் வேலை முடிந்தால் பெர்ணம் ஆற்றில் இறால் பிடிக்கப் போகும் தோட்டத்து அண்ணன்மார் பலர். ஃபைபர் படகு உளுக்காது என்று நம்பிவிடுகிறார்கள். ஃபைபர் உளுக்காது, இன்ஜின் மாட்டும் பின்பலகைக்குள் இருக்கும் மரம் உளுக்கும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்றால் நல்ல மரம், 'தொப்' என்றால் ஊறிப்போனது.

அப்பாவின் 12 அடிப் படகில் பின்பலகை மரத்தை மூடியிருந்த உள்பக்க ஃபைபர் தோலை அறுத்தபோது, மரம் ஈரத் தேயிலைத்தூள் போலக் கையோடு வந்தது. வெளித்தோலை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தோம். முகமூடி கட்டாயம், ஃபைபர் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

மிஞ்சிய வெளித்தோலின் உள்பக்கத்தை 40ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். மரீன் பிளைவுட்டை (படகுக்கென்றே செய்த ஒட்டுப்பலகை) பாலியூரித்தேன் கட்டுமானப் பசையால் ஒட்டலாம். இந்தப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரமே மேலே தோல் கட்டும். ஆகவே தடவியதும் பலகையை வைத்துவிடுங்கள். கிளாம்பை ஒரேயடியாக முறுக்கினால் பசையெல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும். ஓரம் முழுவதும் பசை லேசாக எட்டிப் பார்த்தால் போதும். ஒருநாள் அசைக்காதீர்கள்.

பசை மட்டும் பாரம் தாங்காது. உள்பக்கம் மறுபடியும் ஃபைபர் துணியும் எப்பாக்சியும் (இரண்டு திரவங்களைக் கலந்தால் கெட்டியாகும் பிசின்) போட்டே ஆகவேண்டும். பெரிய இன்ஜின் என்றால் பலகையை ஒட்டவும் எப்பாக்சிதான்.

தண்ணீர் நுழைவது பெரும்பாலும் போல்ட் துளை வழியே. துளையைப் பெரிதாகக் குடைந்து, எப்பாக்சியால் அடைத்து, காய்ந்தபின் நடுவில் சரியான அளவுக்குத் துளையிடுங்கள்.