இளம் இசைக்கலைஞர்களைப் பற்றி நாவல் எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

16 வயதுப் பெண் ஒருத்தி முதன்முறையாகக் கிட்டாரைத் தொடுகிறாள். மூன்றாவது அத்தியாயத்தில் மேடையேறுகிறாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. இடையில் என்ன நடந்தது என்பதற்கு ஒரே வரிதான்: "இரவும் பகலும் பயிற்சி செய்தாள்."

பதின்ம வயது இசைக்கலைஞர்களைப் பற்றி எழுத உட்காருகிற பலரும் செய்கிற முதல் தவறு இது. பயிற்சி சலிப்பானது, வாசகர் பொறுக்க மாட்டார் என்று பயந்து அதைத் தூக்கிவிடுகிறார்கள். ஆனால் இத்தகைய கதைகளைத் தேடிப் படிக்கும் பிள்ளைகள் பலர் தாங்களே ஏதோ ஒரு கருவியோடு மல்லுக்கட்டுகிறவர்கள். அவர்களுக்குத் தெரிந்த வாழ்க்கை முழுக்க அந்த ஒரே வரிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

கதைக்கான சரக்கும் அங்கேதான் இருக்கிறது. கிட்டார் பழகுகிறவருக்கு முதல் சில வாரங்கள் விரல் நுனிகள் எரியும். பிறகுதான் தோல் தடித்துக் காய்ப்பேறும். ஆள்காட்டி விரலை நீட்டி ஆறு தந்திகளையும் சேர்த்து அழுத்த வேண்டிய பிடி வரும்போது பலருக்கும் விட்டுவிடலாம் என்று தோன்றும். வயலினில் கிட்டாரில் இருப்பதுபோல ஃபிரெட்டுகள் (ஸ்வர இடத்தைக் காட்டும் குறுக்குக் கம்பிகள்) கிடையாது, விரல் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இடது தாடைக்குக் கீழே சிவந்த தடம் விழுவதுண்டு. வகுப்பில் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு கிண்டல் செய்ய ஒருவன் இருந்தால் போதும், ஒரு காட்சி தயார். டிரம்பெட் வாசிக்கும் பையனுக்குப் பல்லில் கிளிப் போட்டால் உதட்டின் உட்பக்கம் கம்பியில் அழுந்தி வலிக்கும். நேற்று எட்டிய மேல் ஸ்வரம் இன்று எட்டாது.

பாடகனாக ஒரு பையனை வைத்துவிட்டு அவன் குரல் உடைவதை மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் 12 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் பையன்களின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரையிலான தூரம்) கீழே இறங்குகிறது. பெண்களுக்கும் மாற்றம் உண்டு, அளவு குறைவு. போன மாதம் தன் குழுவுக்கே அடையாளமாக இருந்த பாடலை ஒருவனால் இப்போது பாட முடியவில்லை என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சுருதியைக் குறைக்கலாம். ஆனால் கிட்டார் வாசிப்பவள் எல்லாப் பிடிகளையும் மாற்றிப் பழக வேண்டியிருக்கலாம். அவள் சம்மதிப்பாளா? இல்லை, வேறு பாடகரைத் தேடலாம் என்பாளா? வில்லனே தேவையில்லாத சிக்கல் இது, அந்த வயதுக்கே உரியதும்கூட.

அடுத்தது வர்ணனை. "அவள் பாடியபோது காலம் நின்றது, எல்லோர் கண்களும் நனைந்தன" என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் கேட்காது. பாடுகிறவள் அந்த நேரத்தில் கேட்பவர்களின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அவள் கவனம் எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள்: "இரண்டாவது சரணத்துக்கு மூச்சு போதாது என்று முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே திருடலாம்? 'நீ' என்ற சொல்லுக்கு முன்னால். அங்கே டிரம்ஸ் ஓங்கி விழும், யாருக்கும் கேட்காது." இதில் இனிமை, தேன், குயில் எதுவும் இல்லை. ஆனாலும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒத்திகையைச் சின்னக் கச்சேரியாக்கிவிடுகிறார்கள். உண்மையில் ஒத்திகை என்பது நிறுத்தி நிறுத்தித் தொடங்குவது. ஒருவர் சுருதி சேர்க்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். உற்சாகம் ஏறினால் தாளம் வேகமெடுத்து ஓடும், யார் ஓடியது என்று சண்டை வரும். "நீதான் ஓடுற." "நான் எங்கடா ஓடினேன், நீ இழுக்குற." குழுவின் அதிகாரக் கணக்கு இந்த இரண்டு வாக்கியத்தில் வெளிப்பட்டுவிடும். டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு அலைவது சிரமம் என்பதால், அது யார் வீட்டில் இருக்கிறதோ அங்கேயே பெரும்பாலும் ஒத்திகை நடக்கும். அந்த வீட்டுக்காரப் பிள்ளையைக் குழுவிலிருந்து நீக்குவது லேசான காரியமா? இப்படிப்பட்ட நடைமுறை விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் கதை தானாக நகரும்.

சரி, இன்றைய காலத்துக் கதை என்பதால் போன் வராமல் இருக்காது. தனித்தனி வீடுகளிலிருந்து வீடியோ அழைப்பில் நான்கு பேர் ஒரே தாளத்தில் வாசிப்பதாக எழுதாதீர்கள். ஒலி போய்ச் சேர 30 மில்லிவினாடி தாமதமானாலே சேர்ந்து வாசிப்பது கடினமாகிவிடும். சாதாரண வீடியோ அழைப்பில் தாமதம் அதைவிட அதிகம். பிள்ளைகள் செய்வது வேறு: மெட்ரோனோம் (சீரான இடைவெளியில் தட்டித் தாளம் காட்டும் கருவி) ஒலியைக் காதில் கேட்டபடி அவரவர் பகுதியைத் தனியாகப் பதிவு செய்து, பிறகு ஒருவர் உட்கார்ந்து சேர்ப்பார். சேர்க்கிறவர் யாருடைய ஒலியைக் குறைத்தார் என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. அதேபோல, வீடியோ வைரலாகி எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது என்று முடிப்பதை விட்டுவிடுங்கள். வைரலாகத்தான் வேண்டும் என்றால் அதை நடுவில் வையுங்கள். குழுவில் ஒருத்தியின் முகம் மட்டும் சட்டகத்துக்கு வெளியே போயிருந்தால் மறுநாள் என்ன நடக்கும் என்று எழுதுங்கள்.

இதுவரை சொன்னவை கதையின் நம்பகத்தன்மையைக் கெடுக்கும் தவறுகள். படிக்கிற பிள்ளையையே காயப்படுத்தக்கூடிய தவறு ஒன்று உண்டு. வேதனைதான் கலையைத் தரும் என்று காட்டுவது. மனச்சோர்வுக்கான மருந்தை நிறுத்திய பிறகுதான் கதாநாயகிக்கு நல்ல பாட்டு பிறந்தது, மணிக்கட்டு வலியைப் பொறுத்துக்கொண்டு வாசித்ததால்தான் அவன் ஜெயித்தான் என்றெல்லாம் எழுதும்போது, அதே மருந்தை எடுத்துக்கொள்ளும் 14 வயதுப் பிள்ளை அதைப் படிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மனம் நொறுங்கிக் கிடக்கும்போது பலருக்குக் கருவியை உறையிலிருந்து எடுக்கவே தெம்பிருக்காது. அதை அப்படியே எழுதலாம். வலிக்கிற மணிக்கட்டோடு தொடர்ந்து வாசித்தால் காயம் முற்றும், மாதக்கணக்கில் ஓய்வெடுக்க வேண்டியும் வரலாம். காதும் அப்படித்தான். பாதுகாப்புப் பரிந்துரைகளின்படி 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம், 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம். டிரம்ஸ் வாசிக்கும் உங்கள் பாத்திரம் காதடைப்பானைப் போட்டுக்கொள்ளட்டும். அதனால் அவளுடைய கெத்து குறையாது.

கடைசியாக, பாடல் வரிகள். கதைக்காக நீங்களே எழுதும் பாட்டை முழுசாக அச்சிட வேண்டாம், மெட்டில்லாமல் அது தாளில் செத்துக் கிடக்கும். இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியும் 16 வயதுப் பிள்ளை எழுதியதுபோல இருக்கட்டும், எதுகைக்காக இழுத்துப் போட்ட ஒரு சொல்லோடு. மற்றவர்களின் பாடல் வரிகளை எடுத்தாள உரிமையாளரின் அனுமதி தேவைப்படலாம். படைப்புகளின் உரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி பாடலாசிரியர் இறந்த பிறகும் குறைந்தது 50 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை நீடிக்கும், பல நாடுகளில் அதற்கும் மேல். பாடலின் தலைப்பை மட்டும் குறிப்பிடுவதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. அனுமதிக்கு மாதங்கள் ஆகலாம் என்பதால், இந்த முடிவைப் பதிப்பாளரிடம் பிரதியைக் கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.