புருசனும் மனிசியும் சேர்ந்து இருந்து ஒரு படம் பார்ப்பது எப்படி

கலியாணம் முடித்துப் பத்துப் பதினைந்து வருடம் போன பிறகு பேச்சு முழுக்கப் பிள்ளையின் ரியூசன் காசு, கரண்ட் பில், ஆர் வீட்டு அந்திரட்டி என்ற அளவில் நின்றுவிட்ட வீடுகள் யாழ்ப்பாணத்தில் நிறைய. சண்டை இல்லை, ஆனால் ஒருவரை ஒருவர் தொடுவதும் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெளிக்கிட்டால் குற்றம் சாட்டுவது மாதிரி ஆகிவிடும் என்று இரண்டு பேரும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அப்படி இருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, சேர்ந்து இருந்து ஒரு படம் பாருங்கள் என்பதுதான். படத்தில் வருகிற மனிசியைப் பற்றிப் பேசலாம், கூச்சம் வராது. அந்தப் பேச்சில் நம்முடைய கதையும் தானாக வந்துவிடும்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ரொக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் புதிதாக மணம் முடித்த 174 சோடிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டார்கள். ஒன்றும் செய்யாமல் விடப்பட்ட சோடிகளில் மூன்று வருடத்துக்குள் 24 வீதம் பிரிந்துவிட, கணவன் மனைவி உறவு பற்றிய படங்களைச் சேர்ந்து பார்த்துப் பேசியவர்களில் 11 வீதம்தான் பிரிந்தார்கள். அவர்கள் ஒரு மாதத்தில் ஐந்து படம் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு முக்கால் மணித்தியாலம் அளவில் பேசியிருக்கிறார்கள். எல்லாரும் இளம் சோடிகள் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் செலவில்லாத வேலை, செய்து பார்க்கலாம்.

முதல் படமாக 2012இல் வந்த ‘ஹோப் ஸ்பிரிங்ஸ்’ நல்லது. மெரில் ஸ்ட்ரீப்பும் டொமி லீ ஜோன்ஸும் 31 வருடம் ஒன்றாக வாழ்ந்த தம்பதியாக வருகிறார்கள். தனித்தனி அறையில் படுக்கை, காலையில் அவள் முட்டை பொரித்து வைக்க, அவர் பேப்பரில் இருந்து தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார். கடைசியில் அவள் தன் சேமிப்புக் காசைக் கட்டி, தூர ஊர் ஒன்றில் ஒரு கிழமை நடக்கிற தம்பதியர் ஆலோசனைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகிறாள். ஆலோசகராக ஸ்டீவ் கரெல். அமெரிக்கக் கதைதான், ஆனால் அந்தக் காலைச் சாப்பாட்டைப் பார்க்கும்போது கொக்குவில் வீடு ஒன்றுக்குள் இருக்கிற மாதிரித்தான் எனக்குத் தோன்றும்.

எப்போது பார்ப்பது என்பதுதான் இங்கே பெரிய சிக்கல். ரீவி விறாந்தையில், மாமியும் அங்கேதான். பழைய ஓட்டு வீடென்றால் அறைச் சுவர் கூரை வரை எழும்பியிருக்காது, ஒரு அறையில் கதைப்பது மற்ற அறைக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ரியூசனுக்குப் போன நேரம் பார்த்து, லப்டொப்பில், இரண்டு பேரும் ஹெட்போன் ஆளுக்கொரு பக்கமாக மாட்டிக்கொண்டு பாருங்கள். படுக்கை விசயங்களை வெளிப்படையாகவே கதைக்கிற படம் என்பதால் பிள்ளைகள் நிற்கும்போது வேண்டாம். ஆங்கிலம் விளங்காத இடங்களுக்கு சப்டைட்டில் போடுங்கள். போன் இரண்டும் வேறு அறையில் கிடக்கட்டும்.

பார்க்கும்போது “பார்த்தீரே, அவர் உம்மை மாதிரியே” என்று மட்டும் ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. அந்த ஒரு வசனத்தோடு எல்லாம் முடிந்துவிடும். முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி போதும்: “இஞ்சாருங்கோ, அந்த மனிசன் ஏன் அவ்வளவு கோபப்படுறார் எண்டு நினைக்கிறீங்கள்?” அவர் ஆலோசகர் முன்னால் கோபப்பட்டு எழும்பிப் போகிற இடம் படத்தில் உண்டு. அந்தக் கோபத்துக்குக் கீழே வெட்கமும் பயமும் இருக்கிறது என்பதை எங்கள் ஆண்கள் சிலர் அவருக்காகப் பரிந்து பேசும்போதே தெரியாமல் சொல்லிவிடுவார்கள். அப்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகு கணவன் மனைவியிடம் கேட்கட்டும், அவள் ஏன் இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தாள் என்று.

படத்தில் ஆலோசகர் முதலில் கொடுக்கிற வேலை ஒருவரை ஒருவர் அணைத்துக்கொண்டிருப்பதுதான். இதன் அடிப்படை மாஸ்ரர்ஸ், ஜோன்சன் என்ற இருவர் 1970இல் எழுதி வெளியிட்ட சிகிச்சை முறையில் இருக்கிறது. உடலுறவை முதலில் முற்றாக நிறுத்திவைத்து, அந்தரங்க உறுப்புகளையும் மார்பையும் விட்டு, கையையும் முதுகையும் தலையையும் மாறி மாறித் தொடுவார்கள். ‘செய்து முடிக்க வேணும்’ என்ற பயம் போவதால்தான் இது வேலை செய்கிறது. வீட்டில் கால் மணித்தியாலம், கிழமையில் இரண்டு நாள் என்று தொடங்கலாம். தொடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி “இது சரியா?” மட்டும்தான். வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே நிற்பாட்ட வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது.

படத்தில் ஆலோசனை ஒரு கிழமைதான். நிசத்தில் மாதக்கணக்கு எடுக்கும். கணவன் கட்டாரில் பல வருடம் நின்றுவிட்டு வந்திருந்தால், அல்லது 1995 இடப்பெயர்விலும் 2009இலும் பட்ட இழப்பு ஒருவரின் உடம்பில் இன்னும் கிடந்தால், இன்னும் மெதுவாகப் போக வேண்டியிருக்கும்.

சில நேரம் காரணம் மனதில் இல்லை. சலரோகம் ஆணின் விறைப்பைப் பாதிக்கும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணுக்கு வறட்சியும் நோவும் வரும், அதற்கு நீர் சார்ந்த வழுக்கும் களி பாமசியில் வாங்கலாம். சில பிரஷர் குளிசைகளும் மனச்சோர்வுக் குளிசைகளும் ஆசையைக் குறைக்கும். நீங்களாகக் குளிசையை நிற்பாட்டாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தர வழி இருக்கலாம்.

உதவி தேடுவதென்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேளுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன, அரச ஆஸ்பத்திரி என்பதால் காசு இல்லை. எங்கே தொடங்குவதென்றே தெரியாவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுக்கலாம். ஊருக்குள் கதை பரவும் என்ற பயம் நியாயமானது. அதனால் முதல் சந்திப்பிலேயே “நான் சொல்வது வெளியே போகாது தானே?” என்று கேட்டுவிடுங்கள், ஆலோசகர் அயல் வீட்டுக்காரர் என்றால் வேறு பிரிவில் ஒருவரைத் தேடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அடி, மிரட்டல், வற்புறுத்தல் இருக்கிற வீட்டில் இந்தப் படமும் வேண்டாம், இந்தப் பயிற்சியும் வேண்டாம், இரண்டு பேரும் ஒன்றாக ஆலோசனைக்குப் போவதும் வேண்டாம். அங்கே வெளிப்படையாகப் பேசுவதே பெண்ணுக்கு ஆபத்தாகலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

அப்படி ஒன்றும் இல்லாமல், அவர் வரமாட்டேன் என்று மட்டும் நின்றால், நீங்கள் தனியாக முதல் சந்திப்புக்குப் போங்கள். போகிற நாளையும் நேரத்தையும் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், கெஞ்ச வேண்டாம். திரும்பி வந்து அங்கே என்ன கேட்டார்கள் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். அவரைப் பற்றி ஆலோசகரிடம் முறைப்பாடு சொல்லவில்லை என்று தெரிந்தால், அடுத்த தரம் மோட்டார் சைக்கிளில் உங்களைக் கொண்டுபோய் விடவாவது அவர் வருவார்.